முதல் வாய்

ஜனவரி 9

இந்த டைரி நர்ஸம்மா கொடுத்தது. போன வருடத்து டைரி. "கெழமையப் பாக்காத சிவனாயி, தேதிய மட்டும் பாத்து எழுது" என்றார். எனக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது, ரத்தமோ ஏறவே இல்லையாம். இப்படியே போனால் பிள்ளையும் தங்காது, நீயும் தங்க மாட்டாய் என்று கண்ணை உருட்டிச் சொன்னார். அதனால் தினமும் என்ன சாப்பிட்டேன் என்று இதில் எழுத வேண்டும். அடுத்த தடவை மலையேறி வரும்போது படித்துப் பார்ப்பாராம். எங்கள் மலைக்குடியிருப்பு கல்லூத்தில் ஒன்பதாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். படித்ததற்குக் கிடைத்த தண்டனை.

காலையில் ரேஷன் அரிசிக் கஞ்சி. மத்தியானம் வள்ளிக்கிழங்கு சுட்டது, குருவம்மா அக்கா தோண்டி வந்தது. சத்துமாவு இரண்டு உருண்டை. சத்து மாத்திரை ஒன்று.

யாழினி சாயங்காலம் முழுக்க முகமெல்லாம் மாவாகத் திரிந்தாள். பூனைக்குட்டி போல இருந்தது. அக்காவின் ஒரே மகள், ஐந்து வயது. நர்ஸம்மா வைத்த பேர் அது. எங்கள் வாயில் நுழையாமல் யாழி ஆகிவிட்டது.

ஜனவரி 12

நர்ஸம்மா நல்லவர்தான். ஆனால் அதட்டுகிறார். கல்லூத்தில் யாரும் யாரையும் அதட்டுவதில்லை. இதைச் செய், அதைச் செய்யாதே என்று பெரியவர் சின்னவரிடம்கூடச் சொல்ல மாட்டார். அவரவர் கை, அவரவர் கால். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வேறு பக்கம் போய்விட வேண்டியதுதான். கோபம் ஆறினால் திரும்பி வரலாம். ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் வார்டன் காலை முதல் கத்துவதைப் பார்த்து, பாவம், இவருக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஸ்டல் எனக்கும் வாயை வளர்த்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது. இனிமேல் யாரையாவது திட்ட வேண்டும் என்றால் இந்த டைரியில் திட்டிக்கொள்ளலாம். அது எழுந்து போய்விடாது.

கஞ்சி. முருங்கைக்கீரை. சத்துமாவு சாப்பிட்டேன்.

ஜனவரி 19

சடையன் மூன்றாவது பாறை வரை போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். (கீழே இருக்கிற பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்களாம். நாங்கள் சொல்வோம். கூப்பிட வேறு என்ன இருக்கிறது?) பாறையில் பழைய தேனடையின் கறை மட்டும்தான் இருக்கிறது, ஒரு ஈ இல்லை என்றான்.

"பூவே இல்ல புள்ள. ஈ எங்க வந்து எதக் குடிக்கும்? அதுக்கு மட்டும் ரேஷனா குடுக்குறாக?"

சிரித்தேன். சிரித்த பிறகு பயமாக இருந்தது. மார்கழியில் பூக்க வேண்டிய மரம் ஐப்பசியிலேயே பூத்து, அந்தப் பேய்மழையில் உதிர்ந்து போயிற்று. ஒரு வருடத்து மழையை வானம் அன்றைக்கு மொத்தமாகக் கவிழ்த்தது. கீழே போகிற ரோட்டை உருட்டிக்கொண்டு போனது. வள்ளிக்கொடி அடர்ந்து கிடந்த மேற்குச் சரிவை மண்ணோடு வழித்துக்கொண்டு போனது. அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. குடிகாரன் சம்பளத்தை ஒரே நாளில் அழித்த கதைதான்.

கஞ்சி, இரண்டு வேளை.

ஜனவரி 27

அக்கா பாதி நாள் நடந்து, தெற்குப் பள்ளத்தில் இரண்டு கிழங்கு எடுத்து வந்தாள். கிழங்கின் தலைப்பாகத்தைக் கொடியோடு வெட்டித் திரும்பக் குழிக்குள் புதைத்துவிட்டுத்தான் வருவோம், மழை பெய்தால் மறுபடி பிடிக்கும். இந்தத் தடவை புதைத்துவிட்டுக் குழிக்குள் துப்பினாளாம்.

"ஈரமே இல்லடி. பாவமா இருந்துச்சு. என்னால ஆனது" என்றாள்.

கிழங்கை எல்லா வீட்டுக்கும் இலையில் பங்கு வைத்தாள். எனக்கு வைத்த பங்கு பெரியது. "நீ சாப்டியாக்கா?" என்றேன். "வர்ற வழியிலயே சுட்டுத் தின்னுட்டேன்" என்றாள்.

பிப்ரவரி 4

சடையனும் அக்காவும் ரேஷனுக்காகக் கீழே இறங்கினார்கள். ரோடு இருந்தபோது ஜீப்பே மேலே வரும். இப்போது ஓடைப்பாதையில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்து ஏற வேண்டும். எங்கள் அரிசி வந்தது. அக்காவின் அரிசி வரவில்லை. மெஷினில் அவள் ரேகை விழவில்லையாம். எந்த விரலை வைத்தாலும் மெஷின் அவளை ஆள் இல்லை என்கிறது. பிறந்ததிலிருந்து மண்ணையும் கல்லையும் தோண்டுகிற விரலில் ரேகைக்கு எங்கே போவது? போன மாதமும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. அதை இன்றைக்கு சடையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"போன மாசமும் இல்லையா? ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ பாதிய எனக்குக் குடுப்ப. நீ ரெண்டு உசுருக்குத் திங்கணும்ல?"

அக்காவின் புருஷன் மிளகுத் தோட்டத்துக்கு என்று மலைக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் இருந்திருந்தால் அவன் விரலையாவது வைத்திருக்கலாம். எங்கே இருக்கிறானோ, அவனை இந்தப் பக்கத்தில் நன்றாகத் திட்டி வைக்கிறேன். நாசமாய்ப் போனவன்.

படி அரிசி அளந்து அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுபடி பார்க்கும்போது அது எங்கள் அடுப்புப் பக்கம் இருந்தது.

பிப்ரவரி 5

சத்துமாவு சாப்பிட்டேன். யாழிக்கு விக்கல், தண்ணீர் கொடுத்தேன்.

பிப்ரவரி 13

காப்பித் தோட்டத்தில் வேலை கேட்டுப் போன சடையன் திரும்பி வந்துவிட்டான். பூ மழை பெய்யாததால் செடி பூக்கவில்லை, இருக்கிற ஆட்களையே நிறுத்திவிட்டார்களாம். வழியில் காட்டுப் பலாவைப் பார்த்திருக்கிறான். பிஞ்சு எல்லாம் கறுத்து உதிர்ந்து கிடக்கிறது. குரங்குகள் பட்டையைக் கடிக்கின்றன. "அதுக என்னப் பாத்துச்சு, நான் அதுகளப் பாத்தேன். ரெண்டு பேருமே ஒன்னும் பேசிக்கல" என்றான்.

கஞ்சித் தண்ணீர். அரிசி அடியில் இருந்தது, சடையன் எனக்கு அள்ளி வைத்தான்.

பிப்ரவரி 20

ஓடை நின்றுவிட்டது.

பிப்ரவரி 21

நேற்று ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிட்டேன். ஓடை நிற்பதை நான் பார்த்ததே இல்லை. மெலிந்து, கல்லுக்குள் ஒளிந்து ஓடும், ஆனால் சித்திரையிலும் சத்தம் கேட்கும். காலையில் எழுந்ததும் காது அடைத்துப் போயிற்று என்று நினைத்து விரலை விட்டு நோண்டினேன். காது நன்றாகத்தான் இருக்கிறது. இனி தண்ணீர் என்றால் தடுப்பணைக் குட்டை ஒன்றுதான். மாட்டுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். பச்சையாகக் கிடக்கிறது. துணியில் வடிகட்டிக் காய்ச்சுகிறோம்.

பிள்ளை இன்றைக்கு நன்றாக உதைத்தது. இந்தப் பஞ்சத்திலும் அதற்கு எங்கிருந்து பலம் வருகிறதோ.

பிப்ரவரி 26

அக்கா சேலையைச் சுற்றிக் கட்டும்போது பார்த்தேன். முன்பு முன்னால் வந்து முடிகிற தலைப்பு இப்போது இன்னொரு சுற்று வருகிறது. "எளச்சுட்டியேக்கா" என்றேன். "வெயில்ல" என்றாள். வெயிலில் இளைத்தாளாம்!

சுட்ட மூங்கில் குருத்து. அக்கா தந்தது. அவள் சாப்பிட்டுவிட்டாளாம்.

மார்ச் 2

அக்கா இன்றைக்குப் பேய்வள்ளி தோண்டி வந்தாள். கூடை நிறைய. வள்ளிக்கொடி கருகிப் போன இடத்திலும் இது மட்டும் முள்ளும் தண்டுமாகக் கிடக்கிறது. காரணம் இருக்கிறது. பன்றிகூட இதைத் தொடாது. அப்படியே தின்றால் தொண்டை வீங்கும், தலை சுற்றும், கை கால் இழுத்துக்கொண்டு போய்விடும். மெல்லிசாகச் சீவி, கூடையில் வைத்துக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போட வேண்டும். விஷத்தைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் அவித்தால் மாவு மாதிரி இருக்கும், வயிறு நிறையும்.

இதற்கு ஒரு முறை உண்டு. ஊறப் போட்டவர்தான் முதல் வாய் தின்ன வேண்டும். ஒரே ஒரு சீவல். காலையில் தின்றுவிட்டு, வெயில் இறங்கும் வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவர்கள் தொடலாம். வேறு யாரையும் முதல் வாய் தின்னச் சொல்வது கிடையாது.

அக்காவும் நானும் உட்கார்ந்து சீவினோம். கையெல்லாம் அரித்தது. யாழி கிட்டே வந்தபோது அக்கா கூடையை மறு பக்கம் நகர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். "போ" என்று சொல்லவில்லை.

கஞ்சி.

மார்ச் 5

குட்டைக்குத் துணி துவைக்கப் போனேன். ஓரத்தில் அக்காவின் கூடை கல் வைத்து அமுக்கிக் கிடந்தது. தண்ணீர் அசையவில்லை. கூடையைச் சுற்றி வெள்ளையாக நுரை கட்டி நின்றது. கையை விட்டு அலசினேன். நுரை விலகிப் போய் மறுபடி வந்து கூடையையே ஒட்டிக்கொண்டது.

அக்கா கரையில்தான் நின்றாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "வெயிலு ஏறுதுல்ல" என்றேன். "ஆமா, ஏறுது" என்றாள். அவள் கூடை, அவள் கிழங்கு. துணியைப் பிழிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சடையனின் சட்டை தோளில் கிழிந்துவிட்டது. தைக்க வேண்டும்.

மார்ச் 8

சட்டை தைத்தேன். கஞ்சி இல்லை. அரிசி முடிந்தது.

மார்ச் 13

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. நர்ஸம்மாவுக்காக ஆரம்பித்தது. இப்போது யாருக்காக என்று தெரியாமலே எழுதுகிறேன்.

குருவம்மா அக்கா போய்விட்டாள்.

ஒன்பதாம் தேதி காலையில் கிழங்கை அவித்திருக்கிறாள். யாழிதான் ஓடி வந்தாள். "சித்தி, அம்மா வாய்ல நொரையா வருது." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அக்கா அடுப்புப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. தண்ணீர் என்று கையைக் காட்டினாள். குடிக்க முடியவில்லை, வழிந்துவிட்டது. கால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஆண்கள் போர்வையைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரோடு இருந்தால் ஜீப் வந்திருக்கும். ரோடு உடைந்து பள்ளமாகிக் கிடக்கிற இடத்தில் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். இறக்கி முடித்தபோது அவள் இல்லை. சடையன் திரும்ப வந்து வாசலில் நின்றான். அவன் தோளில் நான் போட்ட தையல் பிரிந்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது.

பானையைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. ஒரு சீவல் தின்ன வேண்டியவள்.

"அம்மா நெறைய தின்னுச்சு சித்தி" என்றாள் யாழி. "எனக்குத் தரல. நீ அப்புறமா தின்னுன்னு சொல்லிட்டு, அதுவே தின்னுச்சு. வேகமா, வேகமா."

எத்தனை நாள் பசியோ, என் அக்காவுக்கு. வர்ற வழியிலயே தின்னுட்டேன், வர்ற வழியிலயே தின்னுட்டேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளே. ஐயோ அக்கா. ஒரு சீவலோடு கை நிற்கவில்லை, பாவி மகளுக்கு.

மார்ச் 15

நர்ஸம்மா ஏறி வந்தார். மூச்சு வாங்க என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு அரிசி, பருப்பு என்று ஒரு பையை வைத்தார். அவர் வீட்டு அரிசி. பிறகு கேட்டார்.

"அந்தக் கிழங்க எந்தத் தண்ணில ஊறப் போட்டா?"

"தெரியாதுங்க."

"நீ பாக்கலையா? கூடவே இருப்பியே?"

"குட்டப் பக்கம் நான் போறதே இல்லீங்க. வயித்தத் தூக்கிட்டு எங்க போறது?"

டைரியைக் கேட்டார். எலி கடித்துவிட்டது என்று சொன்னேன்.

மார்ச் 17

முன்பெல்லாம் ஒருவர் செத்த இடத்தில் நாங்கள் இருக்க மாட்டோம். கூரையைப் பிரித்துக்கொண்டு வேறு சரிவுக்குப் போய்விடுவோம். இப்போது சர்க்கார் கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடு. அதைப் பிரித்து எங்கே தூக்கிக்கொண்டு போவது? போனாலும் எந்தச் சரிவில் தண்ணீர் இருக்கிறது? அக்கா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டோம். அந்தக் கதவு என் அடுப்புக்கு நேர் எதிரே இருக்கிறது.

யாழி எங்களோடு இருக்கிறாள். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் என் வாயைப் பார்க்கிறாள்.

சாதம். பருப்பு. சாப்பிட்டேன். உண்மையாகவே சாப்பிட்டேன்.

மார்ச் 20

வயிற்றில் இன்று அசைவு குறைவு. படுத்து, திரும்பிப் படுத்து, குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பொழுது சாயும்போது ஒரு தரம் நகர்ந்தது.

மார்ச் 24

நர்ஸம்மா கொண்டு வந்த அரிசியைக் கல்லூத்து முழுக்கப் பங்கு வைத்தோம், பிறகு எத்தனை நாள் வரும்? முடிந்துவிட்டது. இந்த மாத ரேஷன் வரவே இல்லை, அடுத்த ரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சடையன் காட்டுக்குப் போனான். நான் வாசலில் உட்கார்ந்து யாழிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி வந்து வீட்டுக்குள் வராமல் நேரே குட்டைக்கு நடந்தான். தோளில் கூடை. கூடையில் சீவல். காட்டிலேயே சீவிவிட்டு வந்திருக்கிறான், எனக்குத் தெரியக் கூடாது என்று.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவன் கூடையைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"போடாத! வெளிய எடு! வெளிய எடுன்னு சொல்றேன்ல! அது ஓடாத தண்ணி, ஒன்னும் போகாது அதுல! கொட்டு அத! கொட்டுடா!"

தொண்டை கிழியக் கத்தினேன். வார்டன்கூட அப்படிக் கத்தியதில்லை. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. குட்டையில் குடம் வைத்திருந்த பெண்கள் பாதி நிறைந்த குடத்தோடு எழுந்து போனார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மணமாக நிற்கிற ஆளைப் பார்த்தது போலத் திரும்பிக்கொண்டார்கள்.

சடையன் கூடையைத் தூக்கினான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை அப்படிப் பார்த்ததே இல்லை அவன். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"சரி புள்ள. அப்ப எதத் திங்கிறது? நீயே சொல்லு."

  அவன் கூடையோடு மேற்கே ஏறிப் போய்விட்டான். எங்கள் ஆட்கள் போகிற போக்கு. ஆறினால் வருவான்.

இன்றைக்குத் திறந்த இந்த வாயை அன்றைக்கு அக்காவிடம்...

யாழிக்குக் கடைசி சத்துமாவு. எனக்கு வெந்நீர்.

மார்ச் 27

யாரும் பங்கு கொண்டு வரவில்லை. பங்கு வைக்க அவர்களிடமும் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் புளியங்கொழுந்து வதக்கிய வாசம் வந்தது. இன்னமும் யாரும் என் முகம் பார்க்கவில்லை.

சடையன் வரவில்லை.

மார்ச் 30

சடையன் வந்தான்! கூடை இல்லாமல் வந்தான். உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. மேலே, யானைப்பாறைக்கு அடியில் கசிவு ஒன்று இருக்கிறதாம். சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. மூங்கிலைப் பிளந்து அதை ஒரு வழிக்குக் கொண்டு வந்து, கூடை மேல் விழும்படி கட்டி வைத்திருக்கிறான். ராவும் பகலும் பக்கத்திலேயே உட்கார்ந்து சீவலைப் புரட்டிப் புரட்டிப் போட்டிருக்கிறான்.

"ஓடுற தண்ணியா அது?" என்று கேட்டேன்.

"சொட்டுற தண்ணி. சொட்டுனா அதுவும் ஓடுனதுதான்" என்றான். அவனுக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

 கொஞ்சம் புளியம்பிஞ்சு மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மூவரும் சப்பினோம். யாழியின் முகம் புளிப்பில் சுருங்கியதைப் பார்த்து அவன் சிரித்தான். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

மறுபடி ஏறிப் போயிருக்கிறான்.

ஏப்ரல் 4

பாதிக் கூடையைச் சடையன் கொண்டு வந்தான். மீதி அங்கேயே ஊறுகிறது. நான் அவித்தேன். தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்தேன். மறுபடியும். குட்டைக்கும் அடுப்புக்கும் நடந்து இடுப்பு விட்டுப் போயிற்று.

ஊறப் போட்டவன் அவன். அவன்தான் முதல் வாய். வாசலில் உட்கார்ந்து ஒரு சீவலை எடுத்தான். நான் அவன் கையையே பார்த்தேன். ஒரு சீவல்தான் தின்றான். இன்னொன்றுக்கு அவன் விரல் நீண்டது, நான் பானையை மூடிவிட்டேன். இப்படித் தடுப்பதும் எங்களிடம் வழக்கம் இல்லை.

"எப்படி இருக்கு?"

"லேசா அரிக்குது."

"எவ்வளவு லேசா?"

"லேசான்னா லேசாத்தான் புள்ள. அளந்தா காட்ட முடியும்?"

மத்தியானத்தில் வாந்தி எடுத்தான். வெறும் மஞ்சள் தண்ணீர். என் உயிரே போய்விட்டது. பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கல்யாணத்தன்று அவன் என் வீட்டு நாய்க்குப் பயந்து மரம் ஏறியதைச் சொன்னேன். "நீதான் அவுத்து விட்ட" என்றான், கண்ணைத் திறக்காமல். நாக்கு குழறவில்லை. வார்த்தைக்கு வார்த்தை கேட்டுப் பார்த்தேன், குழறவில்லை.

வெயில் பாறைக்குப் பின்னால் இறங்கியது. சடையன் எழுந்து நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான், ஆனால் நின்றான். "தின்னுங்க" என்றான்.

தின்றோம். நான், யாழி, கல்லூத்தில் எல்லாரும். வாசல் வாசலாக இலையில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டாள். என்ன ருசி, என்ன ருசி! நாக்கில் கொஞ்சம் குறுகுறுத்தது, யார் கவலைப்பட்டது? வயிற்றில் பிள்ளை புரண்டு புரண்டு உதைத்தது. இந்த ஒரு மாதத்தில் இன்றைக்குத்தான் எனக்கு வாழ வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஏப்ரல் 7

கசிவு நின்றுவிட்டது. சடையன் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மீதிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். முந்தாநாளே நின்றிருக்கும் போல, மூங்கில் காய்ந்து கிடக்கிறதாம். சீவல் பாதிதான் ஊறியிருக்கிறது. நகத்தால் கிள்ளினால் இன்னும் பால் வருகிறது.

சடையனுக்கு அன்றிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் பாதி சிந்துகிறது. ராகிக்கூழ் கிடைக்குமா என்று கீழே போய்க் கேட்டு வரக்கூட அவனால் இறங்க முடியாது. என்னால் முடியுமா, இந்த வயிற்றோடு? ரேஷன் எடுக்கப் போன ஆண்கள் வெறும் சாக்கோடு திரும்பினார்கள். லாரி இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொன்னார்களாம்.

கூடை அடுப்புப் பக்கத்தில் இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கொட்டவும் இல்லை. நான்தான் முதலில் கொட்டச் சொல்லுவேன் என்று நினைத்தேன். மத்தியானம் வரை நானும் சொல்லவில்லை. பிறகு எழுந்து உலையை வைத்தேன். இரண்டு தடவை தண்ணீரை மாற்றினேன். மூன்றாவது தடவைக்குக் குட்டையில் அள்ளுகிற மாதிரி தண்ணீர் இல்லை, சேறுதான் வந்தது.

பானையை இறக்கி வைத்தேன். சடையன் நடுங்குகிற கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து வந்தான். "நீ இல்ல" என்றேன். "இன்னொரு தடவ உன் ஒடம்பு தாங்காது." அவன் என் வயிற்றைப் பார்த்தான், நானே முதல் வாய் தின்றுவிடுவேனோ என்று. இரண்டு பேரும் பானைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

யாழி வந்து நடுவில் உட்கார்ந்தாள். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் தின்னு பாக்குறேன் சித்தி. ஒன்னே ஒன்னுதான் திம்பேன், அம்மா மாதிரி நெறையத் திங்க மாட்டேன். எனக்கு ஒன்னும் ஆகலன்னா நீங்க தின்னுங்க."

"வேண்டாம்" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பானையை அவளிடமிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சூடு துணியைத் தாண்டிச் சுட்டது.

யாழி அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. என்னைப் பார்த்து, சடையனைப் பார்த்து, திரும்ப என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப யாரு சித்தி மொதல்ல திங்கிறது?"

வெயில் இறங்கிவிட்டது. அவள் இன்னும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பானையை இன்னும் யாரும் தொடவில்லை.